ராமேஸ்வரம் போவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டியது

வணக்கம் நேயர்களே. மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தமிழ்நாட்டுக்குக் கோயில் பயணம் போகிற குடும்பங்களின் திட்டத்தைப் பார்த்தால், ராமேஸ்வரத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பகல்தான். மதுரையில் தங்குவது, விடியற்காலையில் வேன் ஏறுவது, தீர்த்தமாடிச் சாமி கும்பிட்டுவிட்டு ராத்திரிக்கு மதுரைக்கே திரும்பிவிடுவது. மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் 170 கிலோமீட்டர் தூரம். போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி. பகல் 1 மணிக்கு நடை சாத்தினால் 3 மணிக்குத்தான் திறப்பார்கள். எழுபது வயது அம்மாவை அழைத்துக்கொண்டு இப்படிப் போனால், ஈரப் புடவையோடு வரிசையில் நின்றதுதான் அவருக்கு நினைவில் நிற்கும்.

ராமேஸ்வரத்தில் இரண்டு இரவு தங்குங்கள். இன்று நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான். இரண்டு இரவு.

ஆனால் அதற்கும் முன்னால், விமான டிக்கெட் எடுப்பதற்கும் முன்னால், வீட்டிலேயே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெயர்களைச் சேகரிப்பது.

நம்மில் பலர் ராமேஸ்வரம் போவதே முன்னோர்களுக்குத் தர்ப்பணம் கொடுக்கத்தான். அக்னி தீர்த்தக் கரையில், அதாவது கோயிலுக்குக் கிழக்கே இருக்கிற கடற்கரையில், புரோகிதர் எதிரே உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்பது கோத்திரம், அடுத்தது பெயர்கள். அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா. அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, அவருடைய மாமியார். பிறகு அம்மா வழியில் அதே மாதிரி மூன்று ஆண்கள், மூன்று பெண்கள். மொத்தம் 12 பெயர். அந்த இடத்தில்தான் நம் ஆட்கள் திகைத்துப் போகிறார்கள். தாத்தா பெயர் வரைக்கும் வாய் தடுமாறாமல் வரும். பாட்டியை எல்லாரும் "ஆயா" என்றே கூப்பிட்டிருப்பார்கள், பெயர் தெரியாது. கடல் இரைச்சலில், பக்கத்தில் நாலு குடும்பம் காத்திருக்கும்போது, தம்பிக்கு வாட்ஸ்அப் போட்டுக் கேட்கிற காரியமில்லை இது.

இந்தப் பெயர்கள் எங்கே கிடைக்கும்? தாத்தாவின் பழைய அடையாளக் கார்டை எடுத்துப் பாருங்கள். அதில் ஏ-எல், அதாவது இன்னாரின் மகன், என்று போட்டு அடுத்து இருக்கிற பெயர்தான் உங்கள் கொள்ளுத் தாத்தா. பாட்டியின் கார்டில் ஏ-பி-க்கு, அதாவது இன்னாரின் மகள் என்பதற்கு, பின்னால் இருப்பது அவருடைய அப்பா. கார்டு இல்லையென்றால் சூராட் மாத்தி, அதாவது இறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லையென்றால் அப்பாவின் சூராட் பிரானாக், அதாவது பிறப்புச் சான்றிதழ், அதில் பெற்றோர் இருவர் பெயரும் இருக்கும். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பழைய பாஸ்போர்ட், எதையும் தள்ளாதீர்கள். எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். தோட்டத்துக் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர், காதில் விழுந்ததை ரூமியில், ஆங்கில எழுத்தில், எழுதியிருப்பார். முத்தாயி வேறு என்னவோவாக ஆகியிருப்பார். குடும்பத்தில் மூத்தவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்த்து, தமிழில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை நெகிழிப் பையில் போட்டு வையுங்கள். கரையில் எல்லாமே நனையும்.

கோத்திரம் தெரியாவிட்டால் கவலைப்படாதீர்கள். தெரியாதவர்களுக்குச் சிவ கோத்திரம் என்று சொல்லிச் செய்வது வழக்கத்தில் உள்ளதுதான். ஒரு பெயர் கிடைக்கவேயில்லை என்றாலும் தர்ப்பணம் நின்றுவிடாது, புரோகிதர் அதற்கு வழி வைத்திருப்பார். அப்பா உயிரோடு இருக்கும்போது மகன் தர்ப்பணம் கொடுப்பதில்லை, அப்பாவேதான் உட்கார வேண்டும். இது தெரியாமல் அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு மகன் மட்டும் போய்த் திரும்புவது உண்டு. ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் மகள் வயிற்றுப் பேரன் செய்யலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில், சயாமிலிருந்து பர்மாவுக்கு அவன் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு, 1942, 43-இல், நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்கள் இல்லாத தோட்டத்தைத் தேடத்தான் வேண்டும். அவர்களுக்கு இறந்த நாள் தெரியாது, திதி தெரியாது, புதைத்த இடம் தெரியாது. திதி தெரியாதவர்களுக்கென்றே புரட்டாசியில் மகாளய அமாவாசை இருக்கிறது. அன்றைக்குத்தான் போகவேண்டும் என்றும் இல்லை. தீர்த்தக் கரைக்குப் போகிற எந்த நாளிலும் தீர்த்த சிராத்தம் செய்யலாம். தர்ப்பணத்தின் கடைசிப் பகுதியில் காருணிகப் பித்ருக்கள் என்று ஒரு இடம் வரும். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, ஆசிரியர், நண்பர், எல்லாருக்கும் அங்கே எள்ளும் தண்ணீரும் விடலாம். கப்பலேறி வந்து, கல்யாணம் காட்சி இல்லாமல் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், தனியாகவே இருந்து செத்துப்போனவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருந்தார்கள். தோட்டத்து மயானமே இன்று வீடமைப்புத் திட்டமாகிவிட்ட இடங்கள் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கிற அப்படிப்பட்ட பெயர்களையும் அந்தக் காகிதத்தின் அடியில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்குச் சொந்தமென்று கேட்க வேறு ஆள் இல்லை.

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை, இந்த மூன்று நாளும் கரையில் கால் வைக்க இடமிருக்காது. வயதானவர்களோடு போகிறவர்கள் சாதாரண நாளாகப் பார்த்துப் போங்கள். அஸ்தி கொண்டுபோகிறவர்கள் சூராட் மாத்தியையும் தகனச் சான்றிதழையும் கைப்பையில் வைத்திருங்கள். விமான நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சரி, பாதைக்கு வருவோம். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. சேது யாத்திரைக்கு, அதாவது இந்த ராமேஸ்வரப் பயணத்துக்கு, ஒரு முறை உண்டு. முதலில் உப்பூர் வெயிலுகந்த விநாயகர், அடுத்து தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கிற ஒன்பது கல், நவபாஷாணம், அதற்கடுத்து திருப்புல்லாணியும் சேதுக்கரையும், கடைசியில் ராமேஸ்வரம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகத் தொண்டிக்குப் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் உப்பூரும் தேவிபட்டினமும் அதே வரிசையில் வழியிலேயே வந்துவிடும். மதுரைப் பாதையில் வந்தால் இவை இரண்டும் விட்டுப்போகும், திரும்பி வடக்கே போகவேண்டியிருக்கும். ஓட்டுநர் நெடுஞ்சாலையையே விரும்புவார். ஆகவே வண்டி பேசும்போதே ஊர் பெயர்களைச் சொல்லிப் பேசுங்கள். காலையில் திருச்சியை விட்டால் சாயங்காலம் பாம்பன் பாலம் தாண்டலாம். அது முதல் இரவு. அறையைக் கோயிலுக்கு நடந்துபோகிற தூரத்தில், ரத வீதிகளை ஒட்டி எடுங்கள். ஈர உடம்போடு ஆட்டோ தேடி நிற்கக் கூடாது.

மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம். "தீர்த்தமாடாமல் எப்படி உள்ளே போவது" என்று நினைத்து இதைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். அறையில் குளித்துவிட்டு உலர்ந்த உடையோடு தாராளமாகப் போகலாம். அதை முடித்துக்கொண்டு வந்து, உடை மாற்றி, அக்னி தீர்த்தம். கடலில் முழுக்கு, கரையில் தர்ப்பணம், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம்.

இந்த 22 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். பெரும்பாலும் கிணறுகள். கிணற்றின் விளிம்பில் ஆள் நின்று வாளியால் இறைத்து நம் தலையில் ஊற்றுவார். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் தண்ணீர் அதிகம் உப்புக் கரிக்காது, கிணற்றுக்குக் கிணறு ருசியும் மாறும். கவுண்டரில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் போகலாம். குழுவாகப் போகிறவர்கள் வாளி இறைக்கத் தனியாக ஆள் அமர்த்திக்கொள்வதும் உண்டு. அப்படியானால் ஒரு ஆளுக்கு எவ்வளவு, 22-க்கும் சேர்த்தா என்று முதல் கிணற்றுக்கு முன்பே பேசி முடியுங்கள். சாதாரண நாளில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

என்ன உடுத்துவது? பட்டு வேண்டாம், நனைந்தால் நடக்க விடாது. மெல்லிய வெள்ளைத் துணியும் வேண்டாம். பெண்களுக்கு அடர்ந்த நிறத்தில் சாதாரணப் பருத்திப் புடவை, தோளிலும் இடுப்பிலும் ஊக்கு. ஆண்களுக்கு வேட்டியின் மேல் பெல்ட், ஏனென்றால் ஆறேழு வாளித் தண்ணீர் விழுந்ததும் வேட்டி நழுவும். நகைகளை அறையில் வையுங்கள். கைப்பேசி கோயிலுக்குள் அனுமதியில்லை. பாதுகாப்புப் பெட்டக வரிசையில் நிற்பதைவிட அறையிலேயே விட்டுவிடுவது மேல்.

உண்மையான ஆபத்து தரையில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஈரப் பாதங்கள் தேய்த்த கருங்கல், எந்நேரமும் தண்ணீர். விழுகிறவர்கள் கிணற்றடியில் விழுவதைவிட ஒரு கிணற்றிலிருந்து அடுத்ததற்கு அவசரமாக நடக்கும்போதுதான் அதிகம் விழுகிறார்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு இளைஞர், கையைப் பிடித்தபடி. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், உள்ளவர்கள் வெறும் வயிற்றில் இறங்கவேண்டாம், ஏதாவது சாப்பிட்டு மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் வாளிக்குப் பதிலாகக் கையில் கொஞ்சம் வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

ஈர உடையோடு சன்னிதிக்கு விடமாட்டார்கள். ஆகவே உலர்ந்த மாற்றுடையை ஒரு பையில் போட்டு, நீராடாத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பிறகு தரிசனம். ஆஞ்சநேயர் கொண்டுவந்த விஸ்வலிங்கத்துக்குத்தான் முதல் பூசை, சீதாப்பிராட்டி மணலில் பிடித்த ராமலிங்கத்துக்கு அடுத்தது. இரண்டையும் பாருங்கள். இன்னொரு வேண்டுகோள்: உடுத்திய துணியைக் கடலில் விடாதீர்கள். தோஷம் கழியும் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். அந்தத் துணி அடுத்தவர் முழுக்குப் போடும்போது காலில் சுற்றுகிறது. ஈரத் துணிக்கென்று ஒரு நெகிழிப் பை கொண்டுபோங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது என்று தயாரிப்பாளர் கை காட்டுகிறார். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் இரவு தங்கி, அடுத்த நாள் காலையிலேயே தனுஷ்கோடி. சாயங்காலம் போனால் போலீஸ் திருப்பி அனுப்பிவிடும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை இருக்கிறது, ஆனால் அங்கே கடலில் இறங்காதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும். வழியில் விபீஷணருக்குப் பட்டம் கட்டிய இடமாகச் சொல்லும் கோதண்டராமர் கோயில், புயலில் தப்பி நின்றது. திரும்பும்போது ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து உத்தரகோசமங்கை. மரகத நடராஜர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருப்பார், மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் காப்புக் களைந்து பார்க்கலாம். மாணிக்கவாசகர் உருகிப் பாடிய தலம். மதியம் நடை சாத்துவார்கள், அதற்குள் போய்ச் சேருங்கள்.

ஆண்டு இறுதி விடுமுறையில் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. நவம்பர், டிசம்பர் அங்கே புயல் மாதங்கள். காற்று பலமாக அடித்தால் பாம்பன் ரயில் பாலத்தில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். விமானத்துக்கு முந்தின நாளே திருச்சியில் இருக்கும்படி திட்டம் போடுங்கள். வணக்கம்.