கூடாரம் வந்தது, டாக்டர் எங்கே?

நடுவர் அவர்களே, ஏழை நாட்டில் நோய் பரவினால் வெளிநாட்டு அவசர உதவிதான் முதலில் வேண்டும் என்கிறது எதிரணி; அந்த நாட்டின் சொந்த மருத்துவ அமைப்பைக் கட்டுவதுதான் முதல் வேலை என்கிறோம் நாங்கள். அதற்கு, "வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டச் சொல்கிறார்கள்" என்று எங்களைக் கிண்டலடித்துக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு போனார் எதிரணித் தோழி. சரி, அவருடைய தீயணைப்பு வண்டி எப்போது வந்து சேர்ந்தது என்று பார்ப்போமா?

மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் 2003-ல் உள்நாட்டுப் போர் ஓய்ந்தது. அதன்பின் பல ஆண்டுகள், மருத்துவ நிலையங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் கையில் ஓடின. 2014-ல் எபோலா என்ற கொடிய தொற்றுநோய் நுழைந்தபோது, நாற்பது லட்சம் பேருக்கு மேல் வாழும் அந்த நாட்டில் இருந்த டாக்டர்கள் ஏறக்குறைய 50. இந்த அரங்கின் முதல் மூன்று வரிசையில் அதைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்! அப்புறம் அமெரிக்கா 11 சிகிச்சை மையங்களைக் கட்டியது. அவை தயாராவதற்குள் தொற்று வடியத் தொடங்கிவிட்டது. 9 மையங்களுக்கு ஒரு எபோலா நோயாளிகூட வரவில்லை. கட்டியவர்களின் மனம் தங்கம்தான். ஆனால் வண்டி வந்தபோது வீடு சாம்பல்.

இப்போது இன்னொரு ஆப்பிரிக்க நாடு, ருவாண்டா. 1994 இனப்படுகொலையில் டாக்டர்களும் செவிலியர்களும் கொல்லப்பட்டார்கள், தப்பியோடினார்கள். அங்கும் வெளிநாட்டுப் பணம் நிறையவே வந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் எதற்குச் செலவிடுவது என்பதில் அந்த அரசு பிடிவாதம் பிடித்தது. எய்ட்ஸுக்கென்று வந்த பணத்திலும் பொது மருத்துவ நிலையங்களைப் பலப்படுத்தியது. ஊர்தோறும் சுகாதாரப் பணியாளர்கள், மக்களே சந்தா கட்டும் மருத்துவக் காப்பீடு, உள்ளூரிலேயே டாக்டர் பயிற்சி என்று வேர்விட்டது.

2024 செப்டம்பரில் எபோலாவின் பங்காளியான மார்பர்க் அங்கே வந்தது. தொற்றியவர்களில் பெரும்பாலோர் மருத்துவப் பணியாளர்கள். காப்பாற்ற வேண்டியவர்களே படுத்துவிட்டார்கள். முந்தைய பரவல்களில் சராசரியாகப் பாதிப்பேரைக் கொன்ற நோய் அது. இங்கே 66 பேரில் இறந்தவர்கள் 15 பேர். டிசம்பரில் பரவல் முடிந்தது. சோதனைத் தடுப்பூசி வெளியிலிருந்துதான் வந்தது, உண்மை. வந்து இறங்கியதும் போடுவதற்கு ஆள் இருந்தது, ஐயா!

2025 ஜனவரியில் அமெரிக்கா ஒரே உத்தரவில் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, ஆப்பிரிக்காவில் பல எச்.ஐ.வி. மருத்துவ நிலையங்கள் கதவடைத்தன. ஊரார் வீட்டுக் குழாயை நம்பித் தீயணைக்கலாம் என்கிறார் தோழி. அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளருக்கு ஒரே கேள்வி: லைபீரியாவின் அந்த 11 மையங்களில் இன்று எத்தனை பிரசவம் நடக்கிறது?