இண்டியானாபொலிஸின் முதல் வளைவும் டகுமா சாட்டோவும்

வணக்கம் நண்பர்களே. ரேஸ் பார்க்கிற நாலு பேரிடம், ஜப்பானிய ரேஸ் ஓட்டுநர் டகுமா சாட்டோ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு பேராவது, "ஓ, அந்த இடிக்கிற ஆளா?" என்பார்கள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. அதனால்தான் இன்றைக்கு இந்தக் காணொளி முழுக்க அவரைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன்.

அவர் பிறந்த ஊரிலிருந்து தொடங்காமல், ஒரு வளைவிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் ஓடுதளத்தில் இருக்கும் முதல் வளைவு. சுற்று ஒன்றுக்கு இரண்டரை மைல், நான்கு வளைவுகள், எல்லாமே இடது பக்கம். அங்கே வருடா வருடம் நடக்கிற பந்தயம்தான் இண்டி 500. 33 கார்கள், 200 சுற்றுகள், மொத்தம் 500 மைல். நம் கணக்கில் 800 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் மேலே. வளைவுகளில் தரை 9 டிகிரி சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு உள்ளே தரை சட்டென்று தட்டையாகிவிடும்.

2012 மே 27, இண்டி 500. கடைசிச் சுற்று ஆரம்பிக்கிறது. முன்னால் டாரியோ பிராங்கிட்டி, அவர் வாலை ஒட்டிக்கொண்டு சாட்டோ. நேர்ப்பாதையில் முன்னால் போகிற கார் காற்றைக் கிழித்துக் கொடுக்கும். பின்னால் வருகிறவருக்கு எதிர்க்காற்று குறைவு, அதனால் வேகம் கூடும். சாட்டோ அந்த வேகத்தை எடுத்துக்கொண்டு உள்பக்கம் நுழைகிறார். பிராங்கிட்டி கொஞ்சம்தான் இடம் விட்டார். சாட்டோவின் இடது சக்கரங்கள் வெள்ளைக் கோட்டுக்குப் போய்விட்டன. மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில், பக்கத்துக் காரால் காற்று கலங்கி, தரையோடு அழுத்தும் விசை குறைந்திருக்கிற நேரத்தில், சக்கரம் அந்தக் கோட்டுக்குப் போனால் என்ன ஆகும்? பின்பக்கம் பிடியை விட்டது. கார் சுழன்று, பிராங்கிட்டியின் காரை லேசாக உரசி, நேரே போய்ச் சுவரில் மோதியது. பிராங்கிட்டி காரைச் சமாளித்துக்கொண்டு போய் மூன்றாவது முறையாக ஜெயித்தார்.

சும்மா பின்னாலேயே போயிருந்தால் இரண்டாம் இடம் உறுதி. அந்தக் காலத்தில் அதுவே ஒரு ஜப்பானியருக்கு இண்டி 500-இல் மிகப் பெரிய விஷயம். ஆனால் அவர் முதல் இடத்துக்குத்தான் போனார். 'தாக்காவிட்டால் வாய்ப்பே இல்லை' என்பது அவர் எப்போதும் சொல்லும் வாசகம். அன்றைக்கு அதை அப்படியே செய்தார். நான் அந்த முடிவைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

சரி, இந்த மனுஷர் எங்கிருந்து வந்தார்? 1977 ஜனவரியில் டோக்கியோவில் பிறந்தவர். 1987-இல், 10 வயதில், அப்பாவோடு சுஸுகா ஓடுதளத்துக்கு ஃபார்முலா 1 பார்க்கப் போனார். அயர்டன் சென்னா லோட்டஸ் காரில் ஏழாம் இடத்தில் கிளம்பி இரண்டாவதாக முடித்த பந்தயம் அது. பையனின் மனசு அங்கேயே போய்விட்டது. ஆனால் வீட்டில் ரேஸோடு எந்தத் தொடர்பும் கிடையாது. பொதுவாக ஓட்டுநர்கள் ஆறேழு வயதிலேயே கார்ட் என்கிற குட்டி ரேஸ் வண்டி ஓட்ட ஆரம்பித்துவிடுவார்கள். இவரோ கிடைத்த சைக்கிளை மிதித்தார். மிதித்தார் என்றால் சும்மா இல்லை, பள்ளி அளவில் தேசிய சாம்பியன் ஆகிற அளவுக்கு.

வசேதா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் சுஸுகாவில் ஹோண்டா ஆதரவோடு நடக்கும் ரேஸிங் பள்ளியில் சேர நினைத்தார். வயது வரம்பை நெருங்கிவிட்டார். இடங்களோ விரல் விட்டு எண்ணுகிற அளவு. விண்ணப்பங்களைப் பார்த்தே ஆளைத் தேர்ந்தெடுப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். காகிதத்தில் காட்ட இவரிடம் என்ன ரேஸ் அனுபவம் இருந்தது? அறிமுகக் கூட்டத்திலேயே கையைத் தூக்கி, எங்களை நேரில் கூப்பிட்டுப் பேசுங்கள், நேர்காணல் வையுங்கள் என்று கேட்டுவிட்டார். வைத்தார்கள். உள்ளே வந்தார். வகுப்பில் முதலாவதாக வந்து உதவித்தொகையும் வாங்கினார். அவரைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

அப்புறம் இங்கிலாந்து. 2000-இல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3, ஃபார்முலா 1-க்குக் கீழ்நிலையில் இருக்கும் தொடர். அதே ஆண்டு அதே தொடரில் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் ஓட்டினார். 2001-இல் சாட்டோ அந்தத் தொடரில் 12 பந்தயங்களை ஜெயித்து சாம்பியன் ஆனார். அதே ஆண்டு மக்காவ் பந்தயத்தையும் ஜெயித்தார். 2002-இல் ஜோர்டான் அணியோடு மெல்போர்னில் ஃபார்முலா 1 அறிமுகம். மூன்று வருடம் கழித்து நரேனும் அதே ஜோர்டான் அணியில், அதே மெல்போர்னில்தான் அறிமுகமானார்.

முதல் ஆண்டு கடினமாக இருந்தது. ஆஸ்திரியாவில் நிக் ஹைட்ஃபெல்டின் கார் பிரேக் பிடிக்கும்போது கட்டுப்பாடு இழந்து, பின்பக்கமாகவே பாய்ந்து வந்து சாட்டோவின் காரைப் பக்கவாட்டில் குத்தியது. காரின் உடல் கிழிந்துவிட்டது. அவரை உடனே வெளியே எடுக்கவும் முடியவில்லை. பெரிய காயம் இல்லாமல் பிழைத்தது இன்றைக்குப் பார்த்தாலும் நம்ப முடியவில்லை. இங்கே கவனியுங்கள், அந்த மோதலில் இவர் தவறு ஒன்றுமே இல்லை. அந்த ஆண்டு எடுத்த ஒரே புள்ளிகள் சொந்த சுஸுகாவில், ஐந்தாம் இடம்.

2004 அவருடைய நல்ல ஆண்டு. பி.ஏ.ஆர். அணி, ஹோண்டா எஞ்சின். ஜெர்மனியில் நூர்பர்கிரிங்கில் முன்வரிசையில் கிளம்பினார், அதுவரை எந்த ஜப்பானியரும் அங்கே நின்றதில்லை. எஞ்சின்தான் காலை வாரியது. மொனாக்கோவில் இவருடைய எஞ்சின் வெடித்துப் பரவிய புகையில் ஜியான்கார்லோ பிசிகெல்லாவின் கார் இன்னொன்றின் மேல் ஏறிக் கவிழ்ந்தே போனது. ஆனால் ஜூன் மாதம் அமெரிக்க கிராண்ட் பிரியில் மூன்றாம் இடம். 1990-இல் சுஸுகாவில் அகுரி சுசுகி மேடை ஏறியதற்குப் பிறகு ஒரு ஜப்பானியர் ஏறியது அப்போதுதான். அந்த அமெரிக்கப் பந்தயம் எங்கே நடந்தது தெரியுமா? இண்டியானாபொலிஸ். ஃபார்முலா 1 அங்கே ஓடிய பாதை பெரும்பாலும் உள்மைதானத்தில்தான் போகும். ஆனால் கடைசியில் அந்தச் சாய்ந்த முதல் வளைவில் எதிர்த்திசையில் ஏறித்தான் நேர்ப்பாதைக்கு வரும். அதாவது 2012-இல் கார் நொறுங்கிய அதே தரையை, எட்டு வருடம் முன்பே மறுபக்கமிருந்து மூன்றாம் இடத்துக்காக ஓட்டிக் கடந்திருக்கிறார்.

2005 மோசம், ஒரே ஒரு புள்ளி. அணியிலிருந்து வெளியே வந்தார். அகுரி சுசுகியே ஒரு புது அணி தொடங்கி அவரைச் சேர்த்துக்கொண்டார். சூப்பர் அகுரி. 2006-இல் அவர்கள் கொண்டுவந்த கார் 2002-ஆம் ஆண்டு ஆரோஸ் காரை அடிப்படையாக வைத்துச் செய்தது. நாலு வருடப் பழைய கார்! அடுத்த வருடம் வேறு கார் வந்தது, பணம் மட்டும் வரவில்லை. அப்படிப்பட்ட அணியில் இருந்துகொண்டு 2007 கனடாவில், மூன்றே சுற்றுகள் மிச்சமிருக்க, உலக சாம்பியன் பெர்னாண்டோ அலோன்சோவின் மெக்லாரனைத் தாண்டிப் போய் ஆறாவதாக முடித்தார். அலோன்சோவின் டயர் தேய்ந்து திணறியது உண்மைதான். ஆனாலும் அந்த இடைவெளியைப் பார்த்து நுழைய ஆள் வேண்டுமே. அந்தப் பந்தயத்தை இன்றைக்கும் சோர்வான நாட்களில் போட்டுப் பார்ப்பேன். 2008 மே மாதம் பணம் தீர்ந்து அணி மூடப்பட்டது. அவருடைய ஃபார்முலா 1 வாழ்க்கையும் அதோடு முடிந்தது.

2010-இல் 33 வயதில் அமெரிக்காவுக்கு, இண்டிகார் தொடருக்குப் போனார். இண்டி 500 அந்தத் தொடரில் ஒரு பந்தயம். நிறைய மோதல்கள், அதை மறைக்க மாட்டேன். 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பான் குழந்தைகளுக்காக நிதி திரட்ட ஆரம்பித்து, வருடக்கணக்கில் தொடர்ந்தார். 2013-இல் லாங் பீச்சில் ஜெயித்தார். இண்டிகாரில் ஒரு ஜப்பானியரின் முதல் வெற்றி.

2017 மே 28. இந்திய நேரப்படி நள்ளிரவைத் தாண்டிவிட்டது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த வருடம் சாட்டோவின் அணித்தோழர் யார்? அதே அலோன்சோ, இண்டி 500-க்காக மட்டும் வந்திருந்தார். 21 சுற்றுகள் மிச்சமிருக்கும்போது அலோன்சோவின் எஞ்சின் புகைந்து நின்றது. சாட்டோ 5 சுற்றுகள் இருக்கும்போது ஹீலியோ காஸ்ட்ரோனெவெஸைத் தாண்டி முன்னே வந்தார். காஸ்ட்ரோனெவெஸ் ஏற்கெனவே மூன்று முறை ஜெயித்தவர், நாலாவதைத் துரத்திக்கொண்டு வருகிறார். முதல் வளைவில் வெளிப்பக்கமாக ஏறக்குறைய பக்கத்துக்கே வந்துவிட்டார். இப்போது சாட்டோ பிராங்கிட்டியின் இடத்தில், காஸ்ட்ரோனெவெஸ் அன்றைய சாட்டோவின் இடத்தில். சாட்டோவின் கை அசையவே இல்லை. தன் பாதையிலேயே போனார். 0.2011 வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். இண்டி 500-ஐ ஜெயித்த முதல் ஜப்பானியர், முதல் ஆசியரும் அவர்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினேன். ஜெயித்தவர் பால் குடிப்பது அங்கே வழக்கம். அவர் அந்தப் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர்.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். 2019 ஆகஸ்டில் பொக்கோனோ ஓடுதளத்தில் முதல் சுற்றிலேயே பெரிய மோதல், பழி முழுக்க இவர்மேல். அடுத்த வாரம் கேட்வே ஓடுதளத்தில் பெயரை அறிவித்தபோது கூட்டம் கூச்சலிட்டது. பந்தயம் தொடங்கியதும் பின்னால் தள்ளப்பட்டார். கடைசியில் எட் கார்பென்டரை 0.0399 வினாடியில் முந்தி அதையும் ஜெயித்தார். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை அது.

2020 ஆகஸ்டில், கொரோனாவால் காலியாகக் கிடந்த அரங்கில் இரண்டாவது இண்டி 500. அதிகச் சுற்றுகள் முன்னிலையில் இருந்த ஸ்காட் டிக்சனைத் தாண்டினார். கடைசியில் ஸ்பென்சர் பிகட்டின் விபத்தால் யாரும் முந்தக் கூடாது என்கிற மஞ்சள் கொடியோடு பந்தயம் முடிந்தது. அவருக்கு அப்போது 43 வயது. ஜெயித்தவர்களின் முகத்தை வெள்ளியில் செதுக்கி வைக்கும் அந்தக் கோப்பையில் இப்போது அவர் முகம் இரண்டு இடத்தில் இருக்கிறது.

2025 இண்டி 500-இல் 48 வயது. தகுதிச் சுற்றில் இரண்டாமவர். பந்தயத்தில் எல்லோரையும்விட அதிகமாக 51 சுற்றுகள் முன்னிலை. டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் நிறுத்துகிற பிட்டில் தன் இடத்தைத் தாண்டிப் போய் நிறுத்தியதில் நேரம் போனது, ஒன்பதாம் இடம்.

நேரம் கிடைத்தால் 2012, 2017 இரண்டின் கடைசிச் சுற்றுகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முதல் வளைவு வரும்போது சாட்டோவின் இடது முன்சக்கரத்தையும் அந்த வெள்ளைக் கோட்டையும் மட்டும் கவனியுங்கள்.