முழங்கையால் ஊதும் குழல்

நேயர்களுக்கு வணக்கம்.

டப்ளினில் வேலை பார்த்த நாட்களில், கோடை வந்துவிட்டால் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் கடலோரமாகப் போகும் டார்ட் ரயிலில் ஏறி, மங்க்ஸ்டவுன் பக்கம் இறங்கி, பெல்கிரேவ் சதுக்கத்துக்கு நடப்பேன். அங்கேதான் கோல்டஸ் அமைப்பின் கலாசார மையம் இருக்கிறது. அயர்லாந்தின் பாரம்பரிய இசைக் கச்சேரிகளைக் கோடை முழுக்க அங்கே கேட்டேன்.

கோல்டஸ் தொடங்கியது 1951இல். சொந்த மண்ணிலேயே அந்த இசைக்கு மவுசு குறைந்துபோன காலம் அது. டப்ளின் குழல் கலைஞர்களும் மற்ற இசை ஆர்வலர்களும் முல்லிங்கர் என்ற ஊரில் கூடிப் பேசி ஆரம்பித்தார்கள். அதே ஆண்டு அதே ஊரில் ஒரு இசைத் திருவிழாவும் நடத்தினார்கள். ஊர் ஊராக இடம் மாறி அது இன்றும் நடக்கிறது.

அங்கே என்னைக் கட்டிப்போட்ட வாத்தியம் இலன் பைப் என்ற பைக்குழல். முழங்கையைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்த பெயர். ஸ்காட்லாந்துக்காரர்கள் வாசிப்பதைப் போல இதை வாயால் ஊதுவதில்லை. கலைஞர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு முழங்கைக்கு அடியில் சின்னத் துருத்தியை வாரால் இறுக்கிக் கட்டுவார். மறு கக்கத்தில் பை. துருத்தி பைக்குக் காற்றைத் தள்ளும், பை குழலுக்குத் தள்ளும். தொடைமேல் ஒரு தோல் துண்டு போட்டிருப்பார். விரல்கள் மெட்டு வாசிக்கும் குழலின் அடிவாயை அந்தத் தோலில் அழுத்தினால் சுரம் நறுக்கென்று நிற்கும், தூக்கினால் இழுத்துக்கொண்டு போகும். மடியில் கிடக்கும் குழல்களில் சில, நம் நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவதைப் போல ஒரே சுருதியை விடாமல் பிடிக்கும். மற்றவற்றில் சாவிகள் இருக்கும். விரல்கள் மெட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டின் ஓரத்தால் அவற்றை அமுக்குவார். கற்க ஏழு ஆண்டு, பயில ஏழு, வாசிக்க ஏழு என்று அங்கே சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது மிகை என்று தோன்றாது. குழல் கலைஞர்களுக்கென்று 1968இல் தனிச் சங்கம் உருவானபோது வாசிக்கத் தெரிந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. 2017இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

சரி, இந்த இசையை எப்படிக் கேட்பது? பெரும்பாலும் ஆட்டத்துக்குப் பிறந்த மெட்டுகள். அவற்றில் ஜிக் என்ற வகை என்றால் தொடையில் தகிட தகிட என்று தட்டிப் பாருங்கள், உட்கார்ந்துவிடும். ரீல் என்றால் தகதிமி. முதல் பகுதி இரண்டு தடவை, அடுத்த பகுதி இரண்டு தடவை, அப்புறம் மறுபடி முதலிலிருந்து. முதல்நாள் எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே கேட்டது. நாலைந்து நாள் போன பிறகுதான், ஒவ்வொரு சுற்றிலும் சின்னச் சின்னப் பிடிகள் மாறுவது காதில் விழுந்தது. இரண்டு மூன்று சுற்று முடிந்ததும், நிறுத்தாமலே வேறொரு மெட்டுக்குத் தாவுவார்கள். அந்த நொடியில் சபையில் யாராவது 'ஹப்!' என்று குரல் கொடுப்பார்கள். அதற்காகவே நான் காத்திருப்பேன்.

மேடைக் கச்சேரி அருமையாகத்தான் இருந்தது. ஆனால் இந்த இசையின் உயிர் கச்சேரி முடிந்த பிறகு வட்டமாகப் போடும் நாற்காலிகளில் இருக்கிறது என்பேன். அதே கட்டடத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பும் நடக்கிறது. ஒருநாள் இரவு, மேடையில் வாசித்த குழல் கலைஞரின் பக்கத்தில் டின் விசில் என்ற சின்னத் தகரக் குழலோடு பத்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மெட்டின் இரண்டாம் பகுதி அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் நிறுத்தி, அதை மட்டும் பாதி வேகத்தில் வாசித்தார். நோட்டுப் புத்தகம் எதுவும் இல்லை. நாலாவது தடவை அவள் சேர்ந்துகொண்டாள்.

அந்த மெட்டுக்கு என்ன பெயர் என்று அவரிடம் கேட்டேன். பெயர் தெரியாது என்றார். ஆனால் எந்த ஊரில், எந்தப் பெரியவரிடம் கேட்டுப் பிடித்தார் என்பதை நிதானமாகச் சொன்னார். அந்தப் பெண்ணும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்தவருக்குச் சொல்லித் தரும்போது அவளும் அதைச் சொல்ல வேண்டுமே.

இப்போது ஒரு ஸ்லிப் ஜிக் ஒலிக்கப்போகிறது. மூன்று தகிட சேர்ந்தால் ஒரு சுற்று. தட்டிக்கொண்டே கேளுங்கள். வணக்கம்.