வாக்கு இயந்திரம் கழுதையில் மலையேறியது. ஒன்பதாம் வகுப்பு?

(திரையில்: ஒற்றையடிப் பாதையில் கழுதைகள்)

வணக்கம். அந்தக் கழுதைகளின் முதுகில் இருப்பது ரேஷன் அரிசி இல்லை, வாக்குப்பதிவு இயந்திரம். 2021 சட்டமன்றத் தேர்தலில் தர்மபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு இப்படித்தான் கொண்டுபோனார்கள். வண்டி ஏற வழியில்லை. மலைமேல் இருக்கிறவர்களின் ஓட்டுக்காக இவ்வளவு மெனக்கெட்டதை நான் மதிக்கிறேன். ஆனால் தேர்தல் எப்போதோ ஒருமுறை. பள்ளிக்கூடம் தினமும்.

(திரையில்: தமிழ்நாட்டு வரைபடம்)

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் கன்னியாகுமரி முதலிடம், 91.7 சதவீதம். தர்மபுரி கடைசி, 68.5. கிருஷ்ணகிரியும் பக்கத்தில்தான், 71 சொச்சம். 2004இல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. குமரிப் பக்கம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மிஷன் பள்ளிகள் வந்துவிட்டன. வரலாறு இவ்வளவு போதும்.

அந்த எழுத்தறிவு எண்ணில் படிக்காத நம் பாட்டிமார்களும் அடக்கம். இன்றைக்கு ஒன்றாம் வகுப்பில் சேராத பிள்ளை அபூர்வம். சிக்கல் எட்டாம் வகுப்புக்கு அப்புறம்.

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள் என்று விதி இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

எட்டாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணை இன்றும் மறக்க முடியவில்லை. கணக்கில் புலி. விடை வந்ததும் சிலேட்டைத் திருப்பி என் முழங்கையில் ஒரு இடி இடிப்பாள். உயர்நிலைப் பள்ளி பஸ் போகிற ஊரில். சாயங்கால பஸ்ஸைத் தவறவிட்டால் காட்டு வழியே நடக்கணும். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள், வீட்டில் ஆயா மட்டும். "வயசுக்கு வந்த பிள்ளை, இருட்டுறதுக்குள்ள வந்து சேருமா?" என்று ஆயா கேட்டார். தப்பான கேள்வி இல்லையே! யாரிடமும் பதில் இல்லை. அடுத்த தை மாதம் அவளுக்குக் கல்யாணம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இதோடு யானை பயமும் சேர்ந்துகொள்ளும். அதே மாவட்டத்தில்தான் ஓசூர், வரிசையாகத் தொழிற்சாலைகள்.

2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டம் அருமையான திட்டம். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அவள் அப்படிப் படித்திருக்கணும். எட்டோடு நின்றவள் அந்த வாசலுக்கே வரமாட்டாள். அவளுக்கு முதலில் தேவை நாலரை மணிக்கு ஒரு பஸ், இல்லையென்றால் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதி.

(திரையில்: 1098)

பள்ளிப் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது.

சரி, கமெண்டில் இரண்டே விஷயம் எழுதுங்கள். உங்கள் ஊரிலிருந்து ஒன்பதாம் வகுப்பு எத்தனை கிலோமீட்டர்? சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? பென்னாகரம், அரூர், தளி மக்கள் கட்டாயம் எழுதணும். அதை வைத்துத்தான் அடுத்த வீடியோவுக்கு வரைபடம் போடப் போகிறேன்.