முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம்

நேயர்களுக்கு வணக்கம். பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இருவர் சந்தித்துக்கொண்டால், நலம் விசாரித்து முடிந்த கையோடு பேச்சு ஏதாவது ஒரு சத்தத்தில்தான் வந்து நிற்கும். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டக்' என்கிறது என்று ஒருவர் தொடங்குவார். அவர் முடிப்பதற்குள் மற்றவர், ஃபோர்க்கைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள் என்று தீர்ப்பே சொல்லிவிடுவார். அந்த அவசரத் தீர்ப்புக்கு எதிராகப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். ஃபோர்க்கைப் பிரிப்பது கடைசி வேலை. பேச்சினூடே இதை இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்க் என்றால் என்னவென்று தெரியாதவர்கள், மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பை மனத்தில் கொண்டுவந்தால் போதும். ஒன்றுக்குள் ஒன்று நழுவும் குழாய்கள், உள்ளே ஒரு சுருள்வில், அந்த வில் துள்ளாமல் அடக்கிவைக்கக் கொஞ்சம் எண்ணெய். இப்படி இரண்டு கால்கள் முன்சக்கரத்தின் இருபுறமும் நிற்கின்றன. எண்ணெயால் அதிர்வை அடக்கும் இத்தகைய ஃபோர்க்கை 1935-இல் பி.எம்.டபிள்யூ தன் ஆர் 12, ஆர் 17 வண்டிகளில் கொண்டுவந்தது. உலகப் போருக்குப் பிறகு ஏறக்குறைய எல்லாருமே அந்த வழிக்கு வந்துவிட்டார்கள்.

சத்தம் எங்கே பிறக்கிறதோ அங்கேயேதான் கேட்கும் என்று நம்புவதுதான் முதல் தவறு. இரும்பு சத்தத்தைக் கடத்துவதில் கெட்டிக்காரப் பொருள். சக்கரத்தருகே பிறக்கும் சிறு தட்டல் ஃபோர்க் வழியே மேலேறி, வெற்றுக் குடம் போன்ற ஹெட்லைட் கூட்டுக்குள் புகுந்து பெரிதாகி, ஓட்டுபவரின் காதுக்கு வரும்போது ஹேண்டில்பாரிலேயே ஏதோ உடைந்துவிட்டதைப் போல ஒலிக்கும். பின்னாலிருந்து வரும் சத்தமும் முன்பக்கச் சத்தமாக வேடம் போடக்கூடும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

என்னிடம் ஒற்றை சிலிண்டர் வண்டி ஒன்று இருந்தது. சிறு மேடு பள்ளங்களில் முன்பக்கம் 'டக் டக்' என்று இடித்தது. ஹேண்டில்பார் திரும்பும் இடமான ஸ்டியரிங் தலையின் கோன் செட்டை, அதாவது அது இலகுவாகத் திரும்ப உதவும் குண்டுகளையும் அவை ஓடும் தடங்களையும், புதிதாகப் போட்டேன், சத்தம் நின்றது. எனக்கு ஒரே பெருமை. ஐந்தாறு நாளில் சத்தம் திரும்பிவிட்டது. ஃபோர்க் எண்ணெயை மாற்றினேன். நின்றது, மறுபடி வந்தது. ஃபோர்க்கைப் பிரித்து, குழாய்கள் ஆட்டமில்லாமல் நழுவ உதவும் வளையங்களான புஷ்களை மாற்றினேன், அதே கதை. இப்படி மூன்று மாதம் ஓடியது. ஒவ்வொரு முறையும் நோய் தீர்ந்தது, ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்துக்குள் திரும்பியது. ஒருநாள் நீண்ட பயணத்தின் நடுவே பெட்ரோல் போட நிறுத்தினேன். நிறுத்தும்வரை இடித்துக்கொண்டே வந்த வண்டி, டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பியதும் பூனையைப் போல நடந்தது. அப்போதுதான் உறைத்தது. வேலை முடிந்த ஒவ்வொரு முறையும், ஓட்டிப் பார்க்கக் கிளம்பும் முன் டேங்கை நிரப்புவது என் வழக்கம். பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ எடை. 12 லிட்டர் என்றால் 9 கிலோ. டேங்கின் முன்புறத்தைத் தாங்கும் ரப்பர் கல்லாக இறுகித் தேய்ந்துபோயிருந்தது. டேங்க் நிறைந்திருந்தால் அந்த எடையே அதை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும்; காலியாகக் காலியாக அது எழும்பி எழும்பிச் சட்டத்தில் இடிக்கும். பழுதாகாத ஃபோர்க்கை மூன்று மாதம் நான் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறேன்! ஒரு துண்டு ரப்பரில் முடிந்தது விவகாரம்.

ஆகவே, சத்தம் எங்கே என்று தேடும் முன், எப்போது என்று கேளுங்கள். சின்னச் சின்ன அதிர்விலா, பெரிய பள்ளத்திலா, பிரேக் பிடிக்கும்போதா, விடும்போதா, சக்கரம் மேலே ஏறும்போதா, மேட்டைத் தாண்டிக் கீழே விழும்போதா? இரண்டு நாள் இதை மட்டும் கவனித்தாலே சந்தேகத்துக்குரியவை பாதியாகக் குறைந்துவிடும். அடுத்து, சும்மா தொங்கிக்கொண்டிருப்பவற்றைக் கையால் ஆட்டிப் பாருங்கள். மட்கார்டின் தாங்குகம்பி, ஹெட்லைட், ஹார்ன், நம்பர் பிளேட், ஸ்பீடோமீட்டர் கேபிள் எதுவும் விலக்கல்ல. சந்தேகப்படுவதை ஒரு துணியால் இறுகக் கட்டிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கட்ட வேண்டும். இரண்டைச் சேர்த்துக் கட்டினால் குற்றவாளி எது என்று தெரியாமலே போய்விடும்.

பிரேக் பிடிக்கும்போது இடித்தால், பெரும்பாலோர் கோன் செட் என்பார்கள். இருக்கலாம். ஆனால் டிரம் பிரேக் வண்டிகளில் இன்னொன்றும் உண்டு. பிரேக் கட்டைகளைத் தாங்கும் பிரேக் தட்டு சக்கரத்தோடு சுழன்றுவிடாமல் ஃபோர்க் காலில் உள்ள ஒரு முனை அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தப் பிடி தேய்ந்தால் தட்டு சற்றே திரும்பி 'டக்' என்று போய் முட்டும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. வண்டியை மெதுவாக முன்னே தள்ளி பிரேக் பிடியுங்கள். விட்டுவிட்டு மறுபடியும் முன்னே தள்ளிப் பிடியுங்கள். முதல் முறை மட்டும் இடித்து, பின்னோக்கித் தள்ளிப் பிடித்தால் மீண்டும் ஒருமுறை இடிக்கிறது என்றால், பிரேக் தட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிடிக்கும்போதும் விடும்போதும், ஒவ்வொரு முறையும் இடித்தால் ஸ்டியரிங் தலையைப் பாருங்கள்.

ஸ்டியரிங் தலையைப் பார்க்கும்போது பிரேக்கைத் தொடாதீர்கள். தொட்டால் பிரேக்கின் ஆட்டமும் சேர்ந்து குழப்பும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, வண்டி கவிழாதபடி அடியில் முட்டுக் கொடுத்து, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திக்கொள்ளுங்கள். ஃபோர்க் கால்களின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது, இன்னொருவர் ஸ்டியரிங் தலையின் கீழ்ப்பூட்டில் விரலை வைத்திருக்கட்டும். காது ஏமாறும், விரல் அவ்வளவு எளிதில் ஏமாறாது. அந்த விரலுக்கு ஆட்டம் தெரிந்தால் கோன் செட். அங்கே அசைவே இல்லாமல் உள்குழாயும் வெளிக்குழாயும் சேரும் இடத்தில் ஆட்டம் தெரிந்தால் புஷ். பிறகு ஹேண்டில்பாரை மெல்லத் திருப்புங்கள். சக்கரம் நேராக நிற்கும் நிலையில் ஏதோ ஒரு குழியில் விழுவது போல நின்றுவிட்டால், குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. இதை நட்டை இறுக்கிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. சத்தம் குறையும், உண்மைதான். ஆனால் மெதுவாகப் போகும்போது வண்டி குடித்தவனைப் போலத் தள்ளாடும். அதற்குச் சத்தமே மேல்.

இத்தனைக்கும் பிறகுதான் ஃபோர்க். அப்போதும் பிரிக்க வேண்டாம், முதலில் எண்ணெய். மேட்டைத் தாண்டிச் சக்கரம் கீழே இறங்கும் கணத்தில் 'டங்' என்று இரும்போடு இரும்பு மோதினால், எண்ணெய் குறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஃபோர்க்கை அமுக்கிவிட்டால் அது நிதானமாக எழ வேண்டும். துள்ளி எழுந்தால் அடக்குவதற்கு உள்ளே ஆளில்லை என்று பொருள். இரண்டு கால்களின் எண்ணெயையும் தனித்தனிக் கிண்ணத்தில் வடித்து அளந்து பாருங்கள். ஒன்றில் பாதிதான் இருக்கிறது என்றால், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீல் அந்தக் காலில் கசிந்திருக்கலாம். எண்ணெயில் மினுமினுப்பாக உலோகத் தூள் தெரிந்தால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. அப்போது பிரிக்கலாம், தாராளமாகப் பிரிக்கலாம். பழைய எண்ணெயின் மேலேயே புதியதை ஊற்றாதீர்கள். அளவு மீறினால் சீல் தாங்காது. எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதை வண்டியின் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலைய நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். 1930-களின் வண்டிகளில் வரும் கர்டர் ஃபோர்க் பற்றி விரிவாகப் பேசக் குறிப்பெடுத்து வந்தேன். சுருக்கித்தான் சொல்ல முடியும். அதில் நழுவும் குழாய்கள் கிடையாது. இணைப்புத் தகடுகளும் அவை திரும்பும் அச்சுகளும்தான். சத்தம் வந்தால் கிரீஸ் துப்பாக்கியை முதலில் எடுங்கள். பாதி வண்டிகள் அதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் தகடுகளின் பக்கவாட்டு ஆட்டத்தைப் பாருங்கள். சில வகைகளில் அச்சின் ஓரத்தில் சொரசொரப்பான விளிம்புள்ள வாஷர் இருக்கும். அதை விரலால் சற்றே முயன்று திருப்ப முடிந்தால் அளவு சரி, தானாகச் சுழன்றால் தளர்வு, திரும்பவே மறுத்தால் இறுக்கம் அதிகம். சுருள்வில்லைப் பற்றிச் சொல்ல இருந்தது அப்படியே நிற்கிறது, விரல் ஒன்றாகிவிட்டது. வணக்கம்.