வத்தல் பாட்டில்ல வரையன்

நடுவர் அய்யாவுக்கு வணக்கம், ரெண்டு அணிக்கும் வணக்கம், முன் வரிசைல முறுக்கு கடிக்கிறவங்களுக்கு தனி வணக்கம். வணக்கம் முடிஞ்சது.

தலைப்பு என்ன? காட்டுலயும் மேட்டுலயும் திரியுற சின்னச் சின்ன நாட்டுப் பாம்பப் பிடிச்சாந்து வீட்ல வளக்குறது பாசமா, பாவமா? நான் பாவம்னு பேச வந்திருக்கேன். உண்மையச் சொல்லிடுறேன், கமிட்டிக்காரர் போன் பண்ணி எந்தப் பக்கம் பேசுறீங்கன்னு கேட்டப்ப, எந்தப் பக்கம் பேசுனா கடைசி பஸ்ஸப் பிடிக்கலாம்னுதான் நான் திருப்பிக் கேட்டேன்.

ஆனா எனக்கு முன்னாடி பேசுன எதிரணித் தலைவியம்மா ஒண்ணு சொல்லிட்டுப் போய் உக்காந்தாங்க பாருங்க. "பிடிச்சு வச்சு வளக்குறது பாவம்ங்கிறாரே இவரு, இவரையே மாமியார் வீட்ல பிடிச்சு வச்சுத்தான வளக்குறாங்க, 11 வருஷமா நல்லாத்தான இருக்காரு, சதை கூட போட்டிருக்காரே"ன்னாங்க. நீங்க எல்லாரும் கை தட்டுனீங்க. நடுவர் அய்யாவுக்கு குடிச்ச தண்ணி புரையேறிப் போச்சு. என் சம்சாரம் மூணாவது வரிசைல இருக்கு, இருக்கிறதுலயே பெரிய கைதட்டு அங்க இருந்துதான் வந்துச்சு.

ஆமாம்மா, நான் வீட்டோட மாப்பிள்ளைதான். அனுபவஸ்தன்கிறதாலதான் இந்தத் தலைப்பையே எனக்குக் குடுத்திருக்காங்க. உங்களுக்குப் பதில் இருக்கு, அதுக்கு முன்னாடி எங்க வீட்ல நடந்த ஒரு சங்கதியச் சொல்லிடுறேன்.

எங்க மாமனார் வீடு திருப்பரங்குன்றத்துக்கு அந்தப் பக்கம். சுத்தியும் காலி பிளாட்டு, சீமைக்கருவேலம், வீட்டுக்குப் பின்னாடி ஒரு மோட்டார் ரூம். மச்சினன் பையன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். போன வருஷம் கோடை லீவுல மோட்டார் ரூம் சுவத்துல பல்லியத் தேடி ஏறிக்கிட்டிருந்த ஒரு குட்டிப் பாம்பப் பிடிச்சுட்டான். ஒரு முழம் இருக்கும், காப்பிப்பொடி கலரு, குறுக்க வெள்ளை வெள்ளையா பட்டை. ஹார்லிக்ஸ் பாட்டில், மூடியில ஆணிய வச்சு நாலு ஓட்டை, உள்ள போட்டாச்சு. கட்டிலுக்கு அடியில வச்சா அவங்கம்மா கூட்டும்போது மாட்டிக்கிடும்னு ஸ்டோர் ரூம் மேல் தட்டுல கொண்டுபோய் வச்சிருக்கான். அந்தத் தட்டுல ஏற்கனவே என்ன இருக்கு? எங்க மாமியார் போட்ட வத்தல். மோர் மிளகா, சுண்டக்கா, கொத்தவரங்கா, எல்லாமே ஹார்லிக்ஸ் பாட்டில்ல.

இருங்க இருங்க, இன்னும் பாட்டிலையே திறக்கல, அதுக்குள்ள சிரிக்கிறீங்க.

ராத்திரி எட்டரை மணி, கரண்ட் இல்ல. நான் தட்டு முன்னாடி தயிர் சாதத்தோட உக்காந்திருக்கேன். எங்க மாமியார் டார்ச் எல்லாம் எடுக்கல, அவங்க வீடு, அவங்க அடுக்குன தட்டு, கண்ணக் கட்டி விட்டாலும் எடுப்பாங்க. கைய நீட்டுனாங்க, பாட்டில எடுத்தாங்க, மூடியத் திருகுனாங்க, ரெண்டு விரல உள்ள விட்டாங்க. விட்டுட்டு ஒரு வார்த்தை சொன்னாங்கய்யா.

"இந்த வருஷம் கொத்தவரங்கா சரியாவே காயல."

பின்னாடி ஐஸ் வண்டிகிட்ட நிக்கிறவங்க கேக்கலங்கிறாங்க. திருப்பிச் சொல்றேன், எனக்கென்ன, பஸ் போனா போகட்டும். மூடியத் திருகுனாங்க, விரல விட்டாங்க. "சரியாவே காயல"ன்னாங்க. இன்னும் கொஞ்சம் உள்ள விட்டாங்க. "ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுல்ல கிடக்கு"ன்னாங்க. அப்புறம் அந்தக் கொத்தவரங்கா அவங்க விரலச் சுத்துச்சு.

இந்த இடத்துல ஒரு தகவல் சொல்லணும். எங்க மாமியார் என்கிட்ட நேராப் பேச மாட்டாங்க. மரியாதை. நான் எதுக்கதான் உக்காந்திருப்பேன், பேரன்கிட்டதான் சொல்லுவாங்க, "உங்க மாமாவச் சாப்பிட வரச் சொல்லு", "உங்க மாமாவுக்குக் காப்பி வேணுமான்னு கேளு". 11 வருஷமா இதுதான். அன்னைக்கு அந்த இருட்டுல, வாழ்க்கைல முதல் தடவையா, "மாப்ள! ஓடி வாங்க மாப்ள!"ன்னு ஒரு சத்தம். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கலங்குன கண்ணோட நான் என்ன பண்ணுனேன்? சேர் மேல ஏறிட்டேன். வீட்ல முதல்ல ஏறுனது நான்தான், அதுல யாரும் பங்குக்கு வரக்கூடாது.

அப்புறம் பாம்பு பிடிக்கிற தம்பி ஒருத்தருக்குப் போன் பண்ணி அவரு டார்ச்சோட வந்தாரு. நாங்க எல்லாம் கட்டுவிரியன்னு முடிவே கட்டிட்டோம். அவரு குனிஞ்சு பாத்துட்டு, "வரையன் சார், விஷம் கிடையாது"ன்னாரு. வெள்ளிக்கோல் வரையன்னு பேராம். எப்டிங்க கண்டுபிடிச்சீங்கன்னு சேர் மேல இருந்தபடியே கேட்டேன். வரையனுக்குப் பட்டை கழுத்துகிட்டயே ஆரம்பிச்சு வாலுக்குப் போகப் போக மங்கிரும், விரியனுக்குத் தலையில இருந்து கொஞ்சம் தள்ளி ஆரம்பிச்சு வால் வரைக்கும் பளிச்சுன்னு போகும், அதோட முதுகு நடுவுல ஒரு வரிசைச் செதில் மட்டும் பெருசா இருக்கும்னாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ராத்திரி எட்டரைக்கு, கரண்ட் இல்லாத நேரத்துல, குனிஞ்சு செதில் அளவு பாக்குற தைரியம் இங்க எத்தன பேருக்கு இருக்கு? ஏழாம் வகுப்புப் பையனுக்கு என்ன தெரியும்? அவன் பிடிச்சது வரையனாப் போனது அவன் சாமர்த்தியம் இல்ல, எங்க மாமியார் ஆயுசு கெட்டி.

ஏன்னா கட்டுவிரியன் கடிச்சா பல நேரம் கடிச்சதே தெரியாது. தரையில படுத்துத் தூங்குறவனக் கடிச்சிட்டுப் போயிரும், வீக்கம் இருக்காது, விடியக்காலைல வயித்து வலிங்கிறான், கண் இமை தானா இறங்குது, மூச்சு முட்டுது. நம்ம நாட்ல வருஷத்துக்கு சுமாரா 58,000 பேர் பாம்புக் கடியில சாகுறாங்கன்னு கணக்குப் போட்டிருக்காங்க. நம்ம தமிழ்நாட்டு அரசு 2024 நவம்பர்ல பாம்புக் கடியக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல்ல சேத்துச்சு. சரி, முறுக்குக்காரங்க சாப்பிடுறத நிறுத்திட்டாங்க, நான் பேச்ச மாத்திக்கிடுறேன்.

இப்ப அதே கதைய பாம்பு பக்கத்துல இருந்து சொல்றேன். மூணாவது தடவைதான், பரவால்ல, நடுவர் அய்யா வீட்டுக் கதைய நாம வருஷா வருஷம் கேக்கலயா?

நான் ஒரு பல்லிய நம்பிச் சுவத்துல ஏறுனேன். ஒரு பொடியன் பிடிச்சு பாட்டில்ல போட்டான். முதல் நாள் பால் ஊத்துனான். எனக்குப் பால் செரிக்காது, அது எவன் கிளப்பிவிட்ட கதையோ. ரெண்டாம் நாள் தயிர் சாதம். மூணாம் நாள் சிக்கன் பக்கோடா. ஒன்பது நாள் நான் ஒண்ணுமே தொடல. வெளிய போக வழி தேடித் தேடி மூக்கு தேஞ்சு போச்சு. பத்தாம் நாள் ஒரு அம்மா மூடியத் திறந்தாங்க, சாமின்னு நினைச்சேன், கொத்தவரங்கான்னுட்டாங்க.

இப்ப வாங்கம்மா உங்க கேள்விக்கு. "இவரு நல்லாத்தான இருக்காரு"ன்னு கேட்டீங்கல்ல? எனக்கும் முதல் மூணு மாசம் அங்க சோறு எறங்கல. ஆனா எனக்கு வாய் இருந்துச்சு, உப்புக் கம்மின்னு சம்சாரம் காதுல சொன்னேன், அது அவங்கம்மா காதுல சொல்லுச்சு, நாலாவது மாசம் குழம்புல உப்பு வந்துச்சு. வெளிய இருந்து பிடிச்சாந்த பாம்பு யார் காதுல சொல்லும்? பயத்துல இரை எடுக்காது, அப்படியே எடுத்தாலும் உடம்புக்குச் சூடு பத்தலன்னா செரிக்காமக் கக்கிரும். உள்ள புழு, வெளிய உண்ணி, நம்ம டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனா டாக்டர் ஜன்னல் வழியாப் போயிருவாரு. எனக்குச் சதை போட்டிருக்குன்னீங்க. போட்டிருக்கு. உங்க பாட்டில் பாம்புக்குப் போட்டிருந்தா சொல்லுங்க, இங்கயே மேடைய விட்டு இறங்கிடுறேன்.

அதுல இன்னொரு பாயின்ட் இருக்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? வேட்டைன்னா துப்பாக்கி எடுத்துச் சுடுறது மட்டும் இல்ல, பிடிக்கிறதும் வேட்டை, பொறி வைக்கிறதும் வேட்டை. அப்படிப் பாத்தா எங்க மாமனார் என்னைப் பண்ணுனதும் வேட்டைதான், பொறியா வச்சது ஒரு டிவிஎஸ் 50. நம்ம ஊர்ப் பாம்பு முக்கால்வாசி அந்தச் சட்டத்துக்குள்ள வருது, பிடிச்சு வச்சா 3 வருஷம் வரைக்கும் உள்ள, 2022 திருத்தத்துக்கு அப்புறம் 1 லட்சம் வரைக்கும் அபராதம், சட்டத்தோட முதல் பட்டியல்ல இருக்கிற உயிரா இருந்தா தண்டனை அதுக்கும் மேல. மண்ணுளிப் பாம்ப வச்சிருந்தா லட்சுமி வருவான்னு நம்பி வச்சவன் வீட்டுக்கெல்லாம் வந்தது வனத்துறை ஜீப்பு. அதுக்கு ரெண்டு தலையும் கிடையாது, ஒரு புண்ணாக்கும் கிடையாது, வால் மொட்டையா இருக்கும், அவ்வளவுதான்.

பாம்புலயே ஒண்ணு இருக்கு, பூந்தொட்டி மண்ணுல மண்புழு மாதிரி நெளியும், புழுப்பாம்புன்னு சொல்லுவோம். எறும்பு முட்டை, கரையான் தின்னும். அதுல எல்லாமே பொம்பளைதான், ஆணே இல்லாம குட்டிப் பரம்பரை நடக்குது. பூந்தொட்டியோட கப்பல் ஏறி உலகம் பூரா போயிருச்சு. அந்த இனத்துல வீட்டோட மாப்பிள்ளைங்கிற பிரச்சனையே கிடையாது. இது தலைப்புக்குத் தேவையில்லதான், ஆனா எனக்கு அதப் பாத்தா பொறாமையா இருக்கு.

"வளத்தாத்தான் பயம் போகும், பயம் போனாத்தான் அடிக்க மாட்டாங்க"ன்னு எதிரணித் தம்பி ஒருத்தர் அழகாச் சொன்னாரு. தம்பி, நம்ம இருளர் ஜனங்களவிட பாம்புக்குப் பயப்படாதவங்க யாரு? மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில 1978ல இருந்து அவங்க கூட்டுறவுச் சங்கம் இருக்கு. நல்லபாம்பு, விரியன் எல்லாம் பிடிப்பாங்க, மண்பானையில வைப்பாங்க, மருந்துக்கு விஷம் எடுப்பாங்க, அதுவும் அரசாங்க அனுமதியோட. மூணு நாலு வாரம்தான், அடிவயித்துச் செதில்ல அடையாளம் வச்சு திருப்பி விட்டுருவாங்க. வடிவேல் கோபால், மாசி சடையன்னு அவங்கள்ல ரெண்டு பேரு, 2023ல பத்மஸ்ரீ வாங்குனவங்க, 2017ல அமெரிக்காவுக்கே போனாங்க. எதுக்கு? புளோரிடாவுல மலைப்பாம்பு பிடிக்க. அங்க எப்படி மலைப்பாம்பு வந்துச்சு? ஆசையா வளக்க வாங்கிட்டுப் போயி, பெருசானதும் சதுப்பு நிலத்துல விட்டுட்டானுங்க, தப்பிச்சதும் உண்டு. அது பெருகி அந்த ஊரு முயல், நரியெல்லாம் தின்னுருச்சு. நம்ம ஆளுங்க போய் 8 நாள்ல 13 பிடிச்சாங்க. அது சின்னப் பாம்பும் இல்ல, நாட்டுப் பாம்பும் இல்லயேன்னு நடுவர் அய்யா வாயெடுக்கிறாரு. எடுக்காதீங்கய்யா, நல்லாப் போய்க்கிட்டிருக்கு.

சரி, அன்னைக்கு ராத்திரிக்கு வர்றேன். அந்தப் பாம்புத் தம்பி பையன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "எங்கடா பிடிச்ச?" அவன் மோட்டார் ரூமக் காட்டுனான். "அங்கயே விட்டுருவோம், அதுக்கு அந்த இடம்தான் தெரியும், எந்தப் பொந்துல பதுங்கணும், எங்க இரை கிடைக்கும்னு. வேற எங்க கொண்டு போயி விட்டாலும் முழிச்சுக்கிட்டு நிக்கும்"னாரு. பையன் அழுதுக்கிட்டே டார்ச் பிடிச்சான். சுவத்தோரமா விட்டதும் ரெண்டு நிமிஷம் அசையாமக் கிடந்துட்டு, செங்கல் இடுக்குல போயிருச்சு.

அந்த நேரத்துல எங்க அம்மாவும் அந்த வீட்லதான் இருந்துச்சு.

எங்கப்பா போனதுக்கு அப்புறம் சாத்தூர் பக்கம் ஊர்ல தனியா இருக்கேன்னு நான்தான் வற்புறுத்திக் கூட்டியாந்தேன். ஒரு குறையும் இல்ல. ஃபேன் இருக்கு, டிவி இருக்கு, எங்க மாமியார் தட்டுல அள்ளி அள்ளி வைப்பாங்க. அம்மா பாதிச் சோத்த ஒதுக்கி வச்சுட்டுப் போதும்ங்கும். சம்பந்தி வீடு, சேர்ல உக்காந்தாக் கூட நுனியிலதான் உக்காரும். வராண்டா கிரில் கேட்டப் பிடிச்சுக்கிட்டு ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கும். நான் ஆபீஸ் விட்டு வந்தா, "சாத்தூருக்கு பஸ்ஸு எத்தன மணி வரைக்கும்டா இருக்கு?" அது மட்டும்தான் தினமும். நான் அதக் கேள்வின்னே எடுத்துக்கல. வயசானவங்க, ஏதோ கேக்குறாங்கன்னு விட்டுட்டேன்.

பாம்ப விட்டுட்டு உள்ள வந்து, எல்லாரும் படுத்துட்டோம். பையன் எங்கிட்ட வந்து படுத்தான். ரொம்ப நேரம் தூங்கல. அப்புறம் மெதுவாக் கேட்டான்.

"மாமா, சாத்தூர்ப் பாட்டியும் சரியாச் சாப்பிட மாட்டேங்குதுல்ல? அதையும் அது இருந்த இடத்துலயே விட்டுருவோமா?"

அய்யா, மணிய அடிக்காதீங்க, ஒரு நிமிஷம்.

மறுநாள் லீவு போட்டேன். நானும் பையனும்தான் கூட்டிட்டுப் போனோம். பஸ்ல ஏறுனதும் அம்மா நல்லா சாஞ்சு உக்காந்துச்சு, அப்படி அது உக்காந்து நான் பாத்து எத்தனையோ நாளாச்சு. வீட்டுக்கதவு பூட்டு துருப்பிடிச்சு திறக்க மாட்டேன்னுச்சு, தேங்கா எண்ணெய விட்டு அதுவே திறந்துச்சு. உள்ள போகல, நேரா கொல்லைக்குப் போயிருச்சு. நாங்களும் பின்னாடியே போனோம். வைக்கப்படப்பு ஓரத்துல ஆறடிச் சாரை ஒண்ணு வெயில் காய்ஞ்சுக்கிட்டு கிடந்துச்சு. நான் பழக்கத்துல ஏறுறதுக்குச் சேரத் தேடுறேன். பையன் அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு, "பாட்டி, இது நீ வளக்குறதா?"ன்னான்.

"நான் எங்கய்யா வளத்தேன், அது பாட்டுக்குக் கிடக்கு, உங்க தாத்தா இருந்தப்பவே கிடக்கும்"னு சொல்லிட்டு, கோழிக்கூட்ட இழுத்து மூடிட்டு, எங்களுக்கு உலை வைக்கப் போயிருச்சு. அன்னைக்கு எங்களோட உக்காந்து ரெண்டு தடவை சோறு வாங்கித் தின்னுச்சு.

வர்றேங்க, வணக்கம்.