ஏப்ரலில் ஓடிய தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகருக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது திருமணிமுத்தாறு. நம்மில் பலர் அதை மூக்கைப் பொத்திக்கொண்டே பாலத்தில் கடந்திருப்போம். அந்த ஆற்றைத்தான் என் மாணவர்கள், தண்ணீர்ப் பங்கீட்டைக் கணக்குப் போடும் ஒரு மென்பொருளில் மாதிரியாகக் கணினிக்குள் ஏற்றினார்கள். மழை அளவு, மலைச் சரிவு, ஏரிகளின் கொள்ளளவு, பாசனப் பரப்பு எல்லாம் கொடுத்தாயிற்று. ஏப்ரல் மாதத்தில் ஆறு வறண்டு கிடக்கும் என்று விடை வந்தது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நகருக்குக் கீழே ஆற்றங்கரைக்குப் போனோம். அங்கே மோட்டார் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் தாளைத் திரும்பியும் பார்க்கவில்லை. கையை நீட்டி ஆற்றைக் காட்டினார். ஏப்ரல் வெயிலில் கணுக்கால் நனைய, நுரை தள்ளிக்கொண்டு ஓடியது ஆறு. "இது மழைத் தண்ணீர் இல்லை சார். டவுன் சாக்கடை. இது என்றைக்கும் நிற்காது" என்றார்.

எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. மேட்டூரில் காவிரியிலிருந்து எடுத்த குடிநீர், குழாய் வழியே சேலத்துக்கு வருகிறது. நாம் குளித்துத் துவைத்து முடித்ததும் சாக்கடை வழியே திருமணிமுத்தாற்றில் இறங்கி, கடைசியில் காவிரிக்கே போகிறது. இதைத் திரும்பு நீர் என்பார்கள். எங்கள் மாதிரியில் அதற்கு ஒரு கோடுகூட இல்லை.

இந்த மென்பொருள் அப்படி என்னதான் செய்கிறது? ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்கு நீர்க்கட்டியைத் தெரியும். மடையில் நின்றுகொண்டு, இன்று யார் வயல், நாளை யார் வயல் என்று முறை வைத்துத் திறந்துவிடுபவர். கணினியும் அதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் ஆறு முழுவதற்கும், ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு. பழைய ஆண்டுகளின் நீர்வரத்தை மாதம் மாதமாக எடுத்துக்கொள்கிறது. முதல் உரிமைக்காரருக்குக் கொடுத்துக் கழிக்கிறது, மிச்சத்தை அடுத்தவருக்குக் கொடுக்கிறது, அணையில் ஆவியாகிப் போவதையும் கழிக்கிறது. முடிவில், எத்தனை மாதம் யாருக்குத் தண்ணீர் எட்டவில்லை என்ற பட்டியல் கையில் கிடைக்கும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இதைச் சட்டத்திலேயே கொண்டுவந்துவிட்டது. 1996 வறட்சிக்கு அடுத்த ஆண்டே வந்த சட்டம் ஆற்றுப் படுகைகளுக்கு இத்தகைய மாதிரிகளைச் செய்யச் சொன்னது. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் உருவான 'ராப்' என்ற மென்பொருள் அதற்குக் கைகொடுத்தது. அங்கே தண்ணீர் எடுக்கும் உரிமைக்குத் தேதி உண்டு. முதலில் வாங்கியவருக்கு முதல் தண்ணீர். ஆகவே வரிசை போடுவதில் கணினிக்குக் குழப்பமே இல்லை.

நமக்கு அப்படித் தேதி போட்ட சீட்டு கிடையாது. ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் 'வீப்' மென்பொருளை நாங்கள் பயன்படுத்துகிறோம். அதில் ஒவ்வொரு தேவைக்கும் 1 முதல் 99 வரை முன்னுரிமை எண் கொடுக்க வேண்டும். குடிநீருக்கு 1 என்று போடுவதில் தகராறு இல்லை. தேசிய நீர்க்கொள்கை 1987லேயே குடிநீரை முதலில் வைத்துவிட்டது. அதற்குப் பிறகு? தலைமடைக்கு 2, கடைமடைக்கு 3 என்று தட்டுவதற்கு என் மாணவிக்கு இரண்டு விநாடி போதும். அந்த 3க்குப் பின்னால் எத்தனை குடும்பத்தின் நெல் இருக்கிறது என்பது திரையில் தெரியாது.

காவிரியையே பாருங்கள். ஆற்றின் ஓராண்டு மொத்த நீர்வரத்தாக நடுவர் மன்றம் 2007இல் எடுத்துக்கொண்ட 740 டி.எம்.சி. என்பது சராசரியாக இரண்டு ஆண்டுகளில் ஓராண்டு எட்டக்கூடிய அளவு. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்ன 177.25 டி.எம்.சி.யும் இயல்பான ஆண்டுக்கான கணக்கு. இயல்பான ஆண்டில் சண்டை வருவதில்லை. மழை பொய்த்து, மேட்டூர் அணையில் 120 அடி அளவுகோலின் அடிப்பகுதி வெளியே தெரியும் ஆண்டில்தான் வருகிறது. அந்த ஆண்டில் பற்றாக்குறையை எந்த விகிதத்தில் பகிர்வது என்று, மழை பொய்க்கும் முன்பே பத்து வகையாகப் போட்டுப் பார்க்க இந்த மென்பொருள் உதவும். சராசரியைக் காட்டி யாரையும் சமாதானப்படுத்த அல்ல. என்னைக் கேட்டால், சராசரி என்ற வரியையே அறிக்கையிலிருந்து அடித்துவிடுவேன்.

இப்போது எங்கள் மாதிரியில் சேலத்துச் சாக்கடைக்கு ஒரு கோடு இழுத்திருக்கிறோம். ஏப்ரல் மாதக் கணக்கு ஆற்றோடு ஓரளவு ஒத்துப்போகிறது. தண்ணீரின் அளவுதான் ஒத்துப்போகிறது. அது வயலுக்கு ஆகுமா என்பது வேறு கணக்கு, அதை இன்னும் தொடவில்லை. முன்னுரிமை எண்களையும் காலியாகவே விட்டிருக்கிறோம். நீர்க்கட்டி வேலை பார்த்த ஒருவரைக் கடைமடை ஊரில் கண்டுபிடித்திருக்கிறார்கள் மாணவர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மழை இல்லாத ஆண்டில் அவர் யாருக்கு முதலில் மடை திறந்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளப் போகிறோம்.

நன்றி, வணக்கம்.